‘விப்லாஷ்’ படம்: வளவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், மாதம் ஒரு படம் போடுகிறோம். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள், சாவி எங்களிடம் இருக்கிறது. இரண்டு கல்தூண்களுக்கு நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினால் திரை ரெடி. வழக்கமாகப் படம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு காபி குடித்துவிட்டு வண்டியை எடுத்துவிடுவார்கள். ‘விப்லாஷ்’ போட்ட இரவு மட்டும் பதினொன்றரை வரை யாரும் நகரவில்லை. மறுநாளும் போனில் கேள்விகள். இதுவரை இரண்டு தடவை போட்டாயிற்று, மூன்றாவது தடவையும் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைக்கிறேன். முதல் நான்கு கேள்விகளைத் தாண்டினால் கதை முழுக்க வெளியே வந்துவிடும். படம் பார்க்காதவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படம் எதைப் பற்றி?

பெரிய வித்வான் ஆகியே தீருவேன் என்று நிற்கும் ஒரு பையனையும், அவனை ஆக்கியே தீருவேன் என்று நிற்கும் ஒரு வாத்தியாரையும் பற்றி.

அமெரிக்கப் படம். 2014இல் வந்தது, 106 நிமிடம் ஓடும். எழுதி இயக்கியவர் டேமியன் ஷாசெல். ஆண்ட்ரூ நீமனுக்கு வயது பத்தொன்பது. நியூயார்க்கில் ஷேஃபர் என்கிற இசைக் கல்லூரியில் முதலாண்டு டிரம்ஸ் மாணவன். அங்கே டெரன்ஸ் ஃப்ளெட்சர் என்கிற வாத்தியார் நடத்தும் ஜாஸ் (அமெரிக்க இசை வகை) குழுவில் இடம் கிடைப்பது என்றால் சொர்க்க வாசல் திறந்த மாதிரி. கிடைக்கிறது. ஆனால் முதலில் மெயின் டிரம்மருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வரத்தாளைப் புரட்டிக் கொடுக்கும் வேலைதான்.

இந்த இடம் பின்வரிசையில் இருந்த ஒரு ஐயாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. “பெட்டியடிப் பையனா இருந்தவன் அடுத்தாளா வந்துட்டான். இனி மேலாள் நாற்காலிக்கு அலைவான் பாருங்க” என்றார். பர்மாவிலும் மலேயாவிலும் நம் நகரத்தார் நடத்திய லேவாதேவிக் கடைகளில் இதே ஏணிதான்: கீழே பெட்டியடிப் பையன், அவனுக்கு மேல் அடுத்தாள் என்கிற உதவியாள், உச்சியில் கடையை நடத்தும் மேலாள். எனக்கு அதற்கு மேல் விளக்கும் வேலையே இல்லாமல் போயிற்று.

ஜாஸ் பற்றி ஒன்றும் தெரியாது. புரியுமா?

கோயில் திருவிழாவில் தவிலுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றிருக்கிறீர்களா? அது போதும்.

‘விப்லாஷ்’ என்பது ஹாங்க் லெவி என்பவர் எழுதிய ஓர் உருப்படியின், அதாவது குழு வாசிக்கும் ஒரு பாட்டின், பெயர். ஏழு எண்ணிக்கையில் போகும். ஃப்ளெட்சர் “அஞ்சு, ஆறு” என்று எண்ணி எடுத்துக்கொடுப்பதைக் கவனியுங்கள், ஏழில்தான் எல்லாம் கிளம்பும். முதல் தடவை பார்த்தபோது என் கை தானாகத் தொடையில் தகிட தகதிமி என்று நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு போட ஆரம்பித்தது. அவர்கள் அழுத்தம் கொடுக்கும் இடம் வேறு, அதனால் முழுக்க ஒட்டவில்லை. ஆனால் வழி தவறவும் இல்லை. படத்தில் இன்னொரு முக்கிய உருப்படி ‘கேரவன்’. ஹுவான் டிசோலும் டியூக் எலிங்டனும் சேர்ந்து செய்தது, 1936ஆம் ஆண்டுச் சரக்கு.

அந்த ஆங்கில வார்த்தைக்குச் சாட்டையின் வீச்சு என்று பொருள். வண்டி திடீரென்று மோதும்போது கழுத்து வெட்டி இழுபட்டு உண்டாகும் காயத்துக்கும் அதே பெயர். படத்தில் இரண்டுமே வருகின்றன.

புரிந்துகொள்ள வேண்டிய ஒரே சமாசாரம் காலப்பிரமாணம். எடுத்த வேகத்தைக் கடைசிவரை நூல் பிசகாமல் வைத்திருப்பது. கொஞ்சம் முந்தினால் எனக்குத் தவில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் “ஓடுது” என்பார், பிந்தினால் “இழுக்குது” என்பார். படத்தில் மனதை உலுக்கும் முதல் காட்சி இதன் மேல்தான் நிற்கிறது. ஆண்ட்ரூ ஓடுகிறானா, இழுக்கிறானா? அவனுக்கே தெரியவில்லை. தெரியும்வரை அறை விழுகிறது. அறையைத் தாளக்கணக்கில் போட்டுக்கொண்டே ஃப்ளெட்சர் கேட்கிறார், நான் முந்தினேனா பிந்தினேனா என்று.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

வேண்டாம். ஃப்ளெட்சரின் வாய் அவ்வளவு நாறும். அமெரிக்காவிலேயே பதினேழு வயதுக்குக் கீழே பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்று சான்றிதழ். பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகள் என்றால் உங்கள் பாடு. ஆனால் பக்கத்தில் உட்காருங்கள்.

எத்தனை மணிக்கு, என்ன கொண்டு வர வேண்டும்?

ஏழு மணிக்கு. தலையணை கொண்டு வாருங்கள், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இன்னொரு விஷயம்: முதல் தடவை போட்டபோது டிரம்ஸ் சத்தம் சுண்ணாம்புச் சுவரில் பட்டுப் பட்டு மூன்றாகக் கேட்டது. கண்ணாடி மாதிரி இழைத்த சுவர், பார்க்க அழகு, சத்தத்துக்குச் சத்துரு. இப்போது தாழ்வாரம் முழுக்க ஜமுக்காளம் தொங்கவிட்டிருக்கிறோம். வீட்டில் கிழிந்த ஜமுக்காளம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.

உண்மைக் கதையா?

பாதி. ஷேஃபர் என்று ஒரு கல்லூரி கிடையாது, ஃப்ளெட்சர் என்று ஆளும் கிடையாது. ஆனால் இயக்குநர் ஷாசெல் பள்ளிக்கூட நாளில் ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், வாத்தியாரைப் பார்த்து நடுங்கியவர். அந்தப் பயத்தைத்தான் எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறார். முதலில் பணம் போட ஆள் கிடைக்காமல், ஒரு காட்சியை மட்டும் 2013இல் குறும்படமாக எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் முழுப் படத்துக்குக் காசு வந்தது. இதில் ஒரு வேடிக்கை: குறும்படம் முன்பே வந்துவிட்டதால், அவரே எழுதிய கதையை ஆஸ்கார்காரர்கள் ‘தழுவல் திரைக்கதை’ என்று கணக்கில் வைத்துவிட்டார்கள்.

வாசிப்பது நிஜமா? அந்த ரத்தம்?

ஆண்ட்ரூவாக நடித்த மைல்ஸ் டெல்லர் பதினைந்து வயதிலிருந்து ராக் டிரம்ஸ் அடித்தவர். ஜாஸுக்குக் குச்சியைப் பிடிக்கும் விதமே வேறு, அதைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் நேட் லாங். படத்தில் கார்ல் என்கிற போட்டி டிரம்மராக வருகிறாரே, அவரேதான். கை கிழிந்து நிஜ ரத்தமும் கொஞ்சம் சேர்ந்தது என்கிறார்கள். ஃப்ளெட்சராக வரும் ஜே. கே. சிம்மன்ஸ் மொன்டானா பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர். அவர் கை காட்டும்போது அது சும்மா ஆட்டுவது இல்லை என்பது பார்த்தாலே தெரியும். மேடையில் ஆண்ட்ரூ பாய்ந்து அவரைத் தள்ளும் காட்சியில் மனிதருக்கு இரண்டு விலா எலும்பு விரிசல் விட்டுப்போனது. அப்படியே நடித்து முடித்தார்.

மொத்தம் 19 நாள் படப்பிடிப்பு, 33 லட்சம் டாலர் செலவு. ஐந்து ஆஸ்காருக்குப் பரிந்துரை, மூன்று கிடைத்தது: சிம்மன்ஸுக்குத் துணை நடிகர் விருது, டாம் கிராஸுக்குப் படத்தொகுப்பு, அப்புறம் ஒலிக்கலவை. படத்தொகுப்புக்கு இன்னொரு விருது கொடுத்தாலும் தகும். வெட்டு ஒவ்வொன்றும் தாளத்தில் விழுகிறது.

சார்லி பார்க்கர் தலையில் தட்டை எறிந்த கதை நடந்ததா?

இதைக் கேட்டவர்களுக்கு நன்றி. படத்தின் ஆணிவேர் இதில்தான் இருக்கிறது.

ஃப்ளெட்சர் இந்தக் கதையை வேதம் மாதிரி சொல்கிறார். சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கர் சின்னப் பையனாக இருந்தபோது மேடையில் சொதப்பினார். டிரம்மர் ஜோ ஜோன்ஸ் தாளத்தட்டைக் கழற்றித் தலையைக் குறிவைத்து வீசினார், மயிரிழையில் தலை தப்பியது. பையன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான், ஆனால் மறுநாளிலிருந்து வெறிகொண்டு சாதகம் (வாசிப்புப் பயிற்சி) செய்தான், ஒரு வருடத்தில் உலகமே கேட்காத வாசிப்போடு திரும்பி வந்தான். அன்றைக்கு ஜோன்ஸ் “பரவாயில்லப்பா, நல்லாத்தான் இருந்துச்சு” என்று சொல்லியிருந்தால் பார்க்கர் உண்டாகியிருப்பாரா? இதுதான் ஃப்ளெட்சரின் கேள்வி. கேட்கும்போது நம் தலையும் ஆடிவிடுகிறது.

நடந்தது இது. கான்சாஸ் சிட்டியில், 1936 வாக்கில், பார்க்கருக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும்போது. ஜோ ஜோன்ஸ் தட்டை எறிந்தது உண்மை, ஆனால் தலைக்கு அல்ல. காலடியில், தரையில். டமால் என்று சத்தம், எல்லோரும் சிரித்தார்கள். அங்கே இருந்த பேஸ் (கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) வித்வான் ஜீன் ரேமி பின்னால் சொன்ன சேதி இது. அவமானம் பெரிய அவமானம்தான், மறுக்கவில்லை. ஆனால் கொலை முயற்சி இல்லை. ஃப்ளெட்சர் தட்டைத் தரையிலிருந்து தூக்கிக் கழுத்து உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அதைவிட முக்கியம், அவர் கதையில் சொல்லாமல் விட்ட பகுதி. அப்புறம் பார்க்கர் ஒரு கோடைக்காலம் முழுக்க ஓசார்க் மலைப் பக்கம் ஒரு குழுவோடு வேலைக்குப் போனார். கையில் லெஸ்டர் யங் வாசித்த இசைத்தட்டுகள். போட்டுப் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு வரியாக விரலில் ஏற்றினார். மூன்று நான்கு வருடம் நாளைக்குப் பதினொன்றிலிருந்து பதினைந்து மணி நேரம் வாசித்ததாக அவரே பின்னால் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த மலையில் பார்க்கரைத் துரத்த ஒரு ஃப்ளெட்சர் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. பிடித்த ஒருவரின் வாசிப்பு பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அடித்து வளர்த்தால்தானே வித்தை வரும்? நம் பக்கத்தில் எல்லா வித்வான்களும் அப்படித்தானே வந்தார்கள்?

மீசை நரைத்த ஆண்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். என் மாமா தவில் வாசித்தவர். அந்த வழியில் பதினோரு வயதில் ஒரு வாத்தியார் வீட்டில் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். ஊரும் பேரும் வேண்டாம், மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஐந்து வருடம் இருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

விடிகாலை நான்கு மணிக்கு எழுப்புவார். மார்கழியிலும் அதே நான்கு மணிதான். தவிலின் வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், வாசிக்க விரலுக்குக் கூடு போடுவோம். பழைய வேட்டியைக் கிழித்து, பசையில் தோய்த்து, விரலில் சுற்றிச் சுற்றிக் காயவைத்தால் எலும்பு மாதிரி இறுகும். இறுகின கூட்டின் விளிம்பு விரல் மடிப்பில் பட்டு அறுக்கும். முதல் ஆறு மாதம் அந்த இடத்தில் தோல் என்று ஒன்று இருக்காது. ஆண்ட்ரூ ரத்தக் கையை ஐஸ் தண்ணீர் ஜாடிக்குள் விடும்போது தண்ணீர் மெல்லச் சிவக்கும் காட்சி இருக்கிறது. வளவில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு விரல் மடிப்பில் அரித்தது.

இந்தக் கஷ்டத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். சாதகம் என்றால் அப்படித்தான். நம் ஊர்ப் பேரையே தாங்கிய காரைக்குடி வீணைச் சகோதரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நெட்டுக்குத்தாக நிறுத்தி வாசித்தவர், இளையவர் சாம்பசிவ ஐயர் 1952இல் சங்கீத கலாநிதி ஆனவர். இரண்டு பேரும் அசுர சாதகத்துக்குப் பேர்போனவர்கள். நகரத்தார் ஆதரவில் இந்த மண்ணில் உட்கார்ந்து வாசித்து வாசித்து ஏறினவர்கள். அசுரத்தனம் இல்லாமல் அந்த விரல் வராது.

நான் சொல்ல வருவது வேறு. சாதகம் ஒரு சரக்கு, அடி இன்னொரு சரக்கு. எங்கள் வாத்தியார் இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தார், ஃப்ளெட்சரும் அப்படித்தான். பிரித்துப் பார்க்க நமக்குச் சொல்லித் தரவில்லை. வித்வான் ஆனவனைக் காட்டி “பார், அடித்தேன், ஆனான்” என்பார்கள். அதே அடியை வாங்கிவிட்டுக் காணாமல் போனவர்களை யாரும் எண்ணி வைப்பதில்லை. செட்டிநாட்டில் இருந்துகொண்டு வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேரேட்டை எப்படி ஏற்றுக்கொள்வது?

படத்தில் அந்தச் செலவுக் கணக்கு ஒரே ஒரு வரியாக வருகிறது. ஷான் கேசி என்று ஒரு பழைய மாணவர். கார் விபத்தில் இறந்துவிட்டார் என்று ஃப்ளெட்சர் வகுப்பில் கண்ணீர் விட்டு அவருடைய இசைத்தட்டைப் போட்டுக் காட்டுகிறார். பிறகுதான் தெரிகிறது, அந்தப் பையன் தூக்குப்போட்டுக்கொண்டான். கண்ணீர் நிஜம்தான் என்று நான் நினைக்கிறேன். அதுதான் பயமாக இருக்கிறது.

சரி, அடியால் ஒரு பிரயோஜனமும் இல்லையா என்றால், அங்கேதான் எனக்கே குழப்பம். என்னோடு கற்றுக்கொண்ட ஓர் அண்ணன் இருக்கிறார். எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரக் கை அவருக்குத்தான், அதனாலேயே அடியும் அவருக்குத்தான் அதிகம். இருபது வயதில் தவிலைப் பரணில் ஏற்றிவிட்டு லோடு வண்டி ஓட்டப் போய்விட்டார். முதல் தடவை படம் போட்டபோது வந்திருந்தார். அந்த அறைக் காட்சி ஆரம்பித்ததும் எழுந்து முகப்புப் பக்கம் போய்விட்டார். மனது தாங்காமல் போய்விட்டார் என்று நான் பின்னாலேயே ஓடினேன். திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். “என்னண்ணே?” என்றேன். உள்ளே கையைக் காட்டி, “அந்தப் பய இழுத்துத்தான்டா அடிக்கிறான்” என்றார்.

காலப்பிரமாணம் அவருக்கு இன்னும் கல்லில் வெட்டினது மாதிரி இருக்கிறது. கையில்தான் தவில் இல்லை.

ஃப்ளெட்சருக்கு அந்தப் பையன் மேல் பாசம் இருக்கிறதா?

திறமை மேல் இருக்கிறது. பையன் மேல் இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பையன் ஏமாறுகிறான். முதல் நாள் இடைவேளையில் அவன் தோளைத் தொட்டு, அப்பா என்ன செய்கிறார், அம்மா எங்கே என்று அன்பாக விசாரிக்கிறார். பத்து நிமிடம் கழித்து அந்தத் தகவல் ஒவ்வொன்றும் ஆயுதமாகத் திரும்பி வருகிறது.

கடைசியில் மேடையில் அவர் சிரித்த முகத்தோடு பக்கத்தில் வந்து “நீதான்னு எனக்குத் தெரியும்” என்று கிசுகிசுப்பார், ஞாபகம் இருக்கிறதா? கல்லூரியில் தன் வேலை போகக் காரணம், தன் கொடுமையைப் பற்றி அவன் கொடுத்த வாக்குமூலம் என்பதைச் சொல்கிறார். சபைக்கு அது வாழ்த்துவது மாதிரித் தெரியும். எனக்கு ஒரு கல்யாணம் ஞாபகம் வந்தது. திருப்பூட்டு (தாலி கட்டும்) நேரம், கெட்டிமேளத்துக்கு விரல் காட்டியாயிற்று, நான் அரை நொடி பிந்தினேன். வாத்தியார் பெண் வீட்டாரைப் பார்த்துச் சிரித்தபடியே ஜமுக்காளத்துக்குக் கீழே கையை விட்டு என் தொடையைக் கிள்ளித் திருகினார். கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

நிக்கோல் என்கிற பெண் எதற்கு? கதைக்கு ஒட்டவே இல்லையே?

ஒட்டாமல் போவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. சினிமா தியேட்டரில் பாப்கார்ன் விற்கும் பெண். பழகிக் கொஞ்ச நாளில் ஆண்ட்ரூ அவளை உட்காரவைத்து, நீ என் சாதகத்துக்கு இடைஞ்சலாவாய், நான் உன்னை வெறுப்பேன், நீ என்னை வெறுப்பாய், இப்போதே பிரிவோம் என்று வரிசையாகச் சொல்கிறான். நடக்காத சண்டைக்கு முன்கூட்டியே தீர்ப்பு. அவள் இரண்டு வரி பேசிவிட்டு எழுந்து போகிறாள். பின்னால் எல்லாம் இழந்த பிறகு போன் போட்டுக் கச்சேரிக்குக் கூப்பிடுகிறான். எனக்கு ஆள் இருக்கிறது, கேட்டுச் சொல்கிறேன் என்கிறாள். அந்தப் போன் காட்சி ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆண்ட்ரூ சிக்கும் கார் விபத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது.

சாப்பாட்டு மேஜைக் காட்சியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சொந்தக்காரர்கள் கூடி, கால்பந்து ஆடுகிற பிள்ளையைப் புகழ்கிறார்கள். இவன் டிரம்ஸ் யாருக்கும் காதில் ஏறவில்லை. முப்பத்து நான்கு வயதில் குடித்துச் செத்தாலும் பேசப்பட்டுச் சாக வேண்டும், தொண்ணூறு வரை வாழ்ந்து யாருக்கும் தெரியாமல் போகக்கூடாது என்கிறான். பார்க்கர் 1955இல் இறந்தபோது வயது முப்பத்து நான்கு. நம் வீட்டு விசேஷத்தில் இரண்டாம் கட்டில் பந்தி நடக்கும்போது “தம்பி என்ன படிக்கிறாக?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த இலைக்குப் போவார்களே, அதே காட்சிதான். அந்தக் கோபம் எனக்குத் தெரியும். அவன் சொன்னது சரி என்று சொல்லவில்லை.

பார்த்ததில் யார் சொன்ன கருத்து உங்களுக்கு மறக்கவில்லை?

எண்பதைத் தாண்டிய ஓர் ஆச்சி. படம் முடிந்து எல்லோரும் ஃப்ளெட்சர் நல்லவரா கெட்டவரா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவர்கள் மெதுவாக, “அந்தப் பயலுக்குச் சோறு யாரு போட்டா?” என்று கேட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள், தாய் சின்ன வயதிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்பாவோடு தியேட்டரில் பாப்கார்ன் தின்பான். அதில் அப்பா ஆசையாகச் சாக்லெட் திராட்சையைக் கொட்டுவார், இவனுக்கு அது பிடிக்காது, சொல்லாமல் ஒதுக்கிவிட்டுத் தின்பான். படத்தில் சாப்பாடு என்று நிறைவாக எதுவும் இல்லை. ஆச்சியின் அப்பச்சி (அப்பா) பர்மாவில் இருந்தவராம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார். இப்படி ஒரு வீடு கட்டினார், அதில் அவர் படுத்துத் தூங்கிய நாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றார்கள். பிள்ளைகளுக்கு முகம் பழகும்போது கப்பலுக்கு நேரமாகிவிடும். இதைச் சொல்லிவிட்டு, காபியில் சீனி பத்தவில்லை என்றார்கள்.

ஜாஸ்காரர்களே இந்தப் படத்தைத் திட்டுகிறார்களாமே?

ஆமாம், நியாயமான திட்டுதான். ஜாஸ் என்பது வேகப் பந்தயம் இல்லை, ஒருவர் வாசிப்பதைக் கேட்டு இன்னொருவர் பதில் சொல்வது. அந்தக் கேட்கிற வேலை படத்தில் சுத்தமாக இல்லை. யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. கை கிழிகிறது என்றால் பிடி தப்பு என்று அர்த்தம், அதை வீரமாகக் காட்டக்கூடாது. தவிலிலும் நல்ல வாத்தியார் என்றால் கூட்டை இழைத்துக் கொடுப்பார். ஆனால் இது ஜாஸ் பற்றிய படம் என்று எடுத்துக்கொண்டால்தான் இந்தக் குறை. வெறி பற்றிய படம் என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் சரியாக இருக்கிறது.

முடிவு வெற்றியா தோல்வியா?

வளவில் இரண்டு கட்சி. கைதட்டினவர்கள் ஒரு கட்சி, தட்டாதவர்கள் ஒரு கட்சி. நான் தட்டிவிட்டுப் பிறகு கையைப் பார்த்துக்கொண்ட கட்சி.

நடந்ததைச் சொல்கிறேன். பழிவாங்க ஃப்ளெட்சர் அவனுக்குத் தெரியாத உருப்படியை மேடையில் எடுக்கிறார். அவன் மானம் போகிறது. எழுந்து உள்ளே போகிறான். அப்பா கட்டிக்கொண்டு, வா வீட்டுக்குப் போகலாம் என்கிறார். அந்த இடத்தில் படத்தை நிறுத்தினால் ஒரு பையன் உயிரோடு வீடு திரும்பின கதை. ஆனால் அவன் திரும்பி மேடைக்குப் போய், யார் அனுமதியும் இல்லாமல் ‘கேரவனை’ ஆரம்பிக்கிறான். ஒன்பது நிமிடம் போல. ஃப்ளெட்சர் முதலில் கண்ணைப் பிடுங்கிவிடுவேன் என்று மிரட்டுகிறார், பிறகு மெல்ல அவனோடு சேர்கிறார், கடைசியில் தானே கைகாட்டி ஏற்றி இறக்குகிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். முடிந்தது.

இரண்டாவது தடவை பார்க்கும்போது அப்பாவைப் பாருங்கள். கதவிடுக்கு வழியாக மகனைப் பார்த்து நிற்கிறார். பால் ரைசரின் அந்த முகத்தில் பெருமையும் இருக்கிறது, சாவு வீட்டுக்கு வந்தவர் முகமும் இருக்கிறது. மகன் அந்தப் பக்கம் போய்விட்டான், இனி ஃப்ளெட்சரின் பிள்ளை. இயக்குநரிடம் இந்தப் பையன் என்ன ஆவான் என்று கேட்டதற்கு, வெறும் கூடாகி முப்பதுகளிலேயே போதை மருந்தால் செத்துப்போவான் என்று நினைப்பதாகச் சொல்லியிருக்கிறார். எடுத்தவரே அப்படிச் சொன்னாலும் அந்த ஒன்பது நிமிடமும் நம்மை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அவ்வளவு கொடுமைக்கு அப்புறமும் நமக்கு அந்த வாசிப்பு வேண்டியிருக்கிறது. ஃப்ளெட்சர் பாதிப் பேர் மனதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார் என்று இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது.

என் மகளின் பாட்டு வகுப்பில் அடிக்கிறார்கள். இந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து உறுத்துகிறது.

இரண்டு தாய்மார்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பள்ளிக்கூடம் என்றால் சட்டமே தெளிவு: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடுக்கிறது. தனி வகுப்பு என்றாலும் பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098க்குப் போன் போடலாம், காசு இல்லை, எந்நேரமும் எடுப்பார்கள். அதற்கு முன்னால் பிள்ளையிடம் கேளுங்கள். ஆண்ட்ரூ தானாக அப்பாவிடம் சொல்லவில்லை. நானும் எங்கள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பாடம் நின்றுவிடும் என்று பயம்.

இதே மாதிரி வேறு படம் போடுவீர்களா?

அடுத்த மாதம் ‘தி டிசைப்பிள்’. மராத்திப் படம், சைதன்ய தம்ஹாணே இயக்கி 2020இல் வெனிஸ் விழாவில் திரைக்கதை விருது வாங்கியது. இந்துஸ்தானி சங்கீதத்தில் எல்லாவற்றையும் கொடுத்தும் பெரிய பாடகன் ஆகமுடியாமல் போன ஒருவனின் கதை. அடி இல்லை, ரத்தம் இல்லை. மெதுவாகப் போகும். தூக்கம் வந்தால் தூண் இருக்கிறது, சாய்ந்துகொள்ளலாம்.

‘விப்லாஷ்’ மூன்றாவது தடவை எப்போது?

மாசிக்குள் போட்டுவிடுவோம். லோடு வண்டி அண்ணன் இரண்டாவது தடவையும் வந்திருந்தார், அறைக் காட்சிக்கு எழுந்து போகவில்லை, கடைசிவரை பார்த்தார். மறுநாள் காலையில் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு கோரிக்கை வைத்தார்: “அடுத்த வாட்டி அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்த விட்டுட்டுப் போடுறா.” ஏனண்ணே என்றேன். “ராத்திரி பரண்ல ஏறிட்டேன்.”

சரி என்றிருக்கிறேன். அப்பா கட்டிப்பிடிக்கிற இடத்தில் படத்தை நிறுத்துவதாகத் திட்டம். ரிமோட் அண்ணன் கையில் இருக்கும்.